முதல் சஃபாரிக்கு எந்த விலங்கு?

முதன்முதலாகக் காட்டுக்குப் போகிறவர் அறை பதிவு செய்வதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். எந்த விலங்கைத் தேடிப் போகிறோம்? கேமரா, லென்ஸ், ஜிப்ஸி, தங்குமிடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறவர்கள் குறைவு. பதில் முன்பே தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். புலி.

ஹைதராபாத்தில் காட்டுயிர்ப் படம் எடுப்பதும், புதியவர்களைக் காட்டுக்கு அழைத்துப்போவதும் என் வாழ்க்கையின் பெரும்பகுதியாகிவிட்டது. கச்சிபௌலியிலும் மாதாப்பூரிலும் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் பலர் என்னிடம் வருவார்கள். புது கேமரா வாங்கியிருப்பார்கள், மூன்று நாள் விடுப்பும் கிடைத்திருக்கும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணா, எந்த கேட்ல போனா புலி கிடைக்கும்?” என் பதிலும் மாறியதில்லை. முதல் பயணத்தில் புலியின் பெயரையே எழுதாதே, தம்பி. மானில் தொடங்கு.

அவர்கள் முகம் வாடுவது தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இத்தனை வருடக் காட்டுப் பழக்கத்தில் நான் உறுதியாக நம்பும் ஒரு விஷயம் இதுதான். முதல் பயணத்தில் எதைப் பார்க்கத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதுதான் பிறகு வாழ்நாள் முழுக்கக் காட்டைப் பார்க்கும் கண்ணைத் தருகிறது.

துப்பாக்கி தூக்கியவர்கள் இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறார்கள். நமீபியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் உரிமம் பெற்ற வேட்டை இன்றும் நடக்கிறது. அங்கே முதன்முதலாக வருகிறவருக்கு மூத்த வேட்டைக்காரர்கள் தரும் அறிவுரை, சமவெளி விலங்குகளில் தொடங்கு என்பது. இம்பாலா, குடு, வரிக்குதிரை, காட்டுப்பன்றி இனத்து வார்ட்ஹாக். எருமையும் சிங்கமும் அடுத்தடுத்த பயணங்களுக்கு. காரணமும் தெளிவானது. சமவெளி விலங்குகளோடு ஒரே நாளில் பல வாய்ப்புகள் அமையும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எவ்வளவு தூரம் நெருங்கலாம், எப்போது அசையாமல் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் உடம்பில் ஏறும். ஒரு வாய்ப்பு தவறினாலும் யார் உயிருக்கும் ஆபத்தில்லை.

‘பிக் ஃபைவ்’ என்று எல்லோரும் சொல்கிறோமே, சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை என்ற அந்த ஐந்து, அதுவும் வேட்டைக்காரர்கள் வைத்த பெயர்தான். நடந்துபோய் வேட்டையாடுவதற்கு மிகக் கடினமான, மிக ஆபத்தான ஐந்து விலங்குகள் அவை. வேட்டைக்காரர் கடைசியாகத் தொட வேண்டியவை என்று வைத்திருந்த பட்டியலை, கேமராவோடு வரும் நாம் முதல் நாள் காலையிலேயே கையில் எடுத்துக்கொள்கிறோம். இந்தியாவில் அந்த ஐந்தும் சுருங்கிப் புலி ஒன்றே என்றாகிவிட்டது.

ஹைதராபாத்துக்கு இதில் ஒரு பழைய பங்கு உண்டு. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் புலி வேட்டைக்குப் பேர்போனவர். அவருடைய அரசவைப் புகைப்படக்காரர் ராஜா தீன் தயாள். 1902இல் வைஸ்ராய் கர்சன் நிஜாமின் ஆட்சிப்பகுதிக்கு வந்தபோது, வாரங்கல் பக்கம் நெக்கொண்டா முகாமில் நடந்த புலி வேட்டை தீன் தயாளின் நிறுவனத்தின் புகைப்படங்களில் பதிவாகியிருக்கிறது. கர்சனும் அவர் மனைவி மேரியும், எதிரே கிடத்தப்பட்ட புலி. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாத படம். ஆனால் அந்தப் புலி எதைத் தின்றது, எந்த ஓடையில் தண்ணீர் குடித்தது, எந்த மேட்டில் படுத்தது என்று அந்தப் படத்திடம் கேட்டால் பதில் வராது. அன்றைய அரச வேட்டைகளில் காட்டை அறிந்தவர்கள், பறையடித்து விலங்கை விரட்டிக் கொண்டுவந்த ஊர்க்காரர்களும் தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடிகளும்தான். விருந்தாளிக்குப் புலி மட்டும் காட்டப்பட்டது. இன்று நாம் பணம் கட்டி வண்டியில் ஏறி “புலியைக் காட்டு” என்று சொல்லும்போது, நாமும் அந்த விருந்தாளியின் இருக்கையில்தான் உட்காருகிறோம்.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் வேட்டையை முடித்துவைத்தது. முதல் அட்டவணையில் உள்ள விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. புலிக்கும் வெளிமானுக்கும் ஒரே அட்டவணைதான். அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன். துப்பாக்கி போனது நல்லது. ஆனால் அதோடு சேர்ந்து, எளியதில் தொடங்கி அரியதற்குப் போகும் அந்த ஒழுங்கும் போய்விட்டது. அதைக் கேமராவுக்காக மீட்டெடுக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தாலும் இதே பாடம்தான். ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரைகளைக் கொல்கிறது. அந்த இழப்பு ஈடுகட்டப்பட வேண்டுமானால் அதன் காட்டில் சுமார் 500 மான்களும் பன்றிகளும் காட்டுமாடுகளும் இருக்க வேண்டும் என்பது புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் போன்றவர்களின் நீண்ட கால ஆய்வு சொல்வது. ஒரு புலியைத் தேடிப் போகிறவர் வழியில் அந்த 500 உயிர்களைக் கடந்துதான் போக வேண்டும். அவற்றைப் பார்க்காமல் கடந்தால் காட்டின் பெரும்பகுதியைப் பார்க்காமல் கடந்ததாகத்தான் அர்த்தம். 2022 கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் சுமார் 3,682 புலிகள். அதில் தெலங்கானாவின் பங்கு 21. ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் சாலையில் மன்னனூர் வழியாக நுழையும் அம்ராபாத் புலிகள் காப்பகம் மட்டுமே 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். நல்லமலைக் குன்றுகளும் ஓடைகளும் கொண்ட அந்தப் பரப்பில் மூன்று மணி நேரச் சவாரியில் புலி குறுக்கே வரும் என்று எதிர்பார்த்துப் போவது காட்டுக்கும் நியாயமில்லை, போகிறவருக்கும் நியாயமில்லை.

ஆகவே தேர்வுக்கு நான் மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். யாரை அழைத்துப்போனாலும் இவற்றைக் கேட்டுத்தான் பட்டியல் போடுவோம்.

முதலாவது, அந்த விலங்கு நம் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கும்? புதிய கேமராக்காரருக்குத் தேவை நேரம். வெளிச்சத்தை அளந்து, குவியத்தைக் கண்ணில் நிறுத்தி, எடுத்ததைப் பார்த்து, திருத்தி மறுபடி எடுக்க நேரம் வேண்டும். சாலையைத் தாண்டும் சிறுத்தை அந்த நேரத்தைத் தராது. மேயும் மான் கூட்டம் தரும்.

இரண்டாவது, நாம் போகும் மாதத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கும்? தேக்கு இலையுதிர்த்து நிற்கும் கோடையில் எல்லா விலங்கும் தண்ணீரை நோக்கி வரும். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் தக்காணத்துக்கு இறங்கியிருக்கும். மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை புலிக் காப்பகங்களின் மையப்பகுதிகள் மூடியிருக்கும். அப்போது ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளும் புல்வெளிகளும்தான் நம் காடு. பருவம் தெரியாமல் எழுதும் பட்டியல் வெறும் ஆசைப் பட்டியல்.

மூன்றாவது, நாம் பார்ப்பதால் அதற்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்விதான் சில பெயர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் தருவதில் முதலிடம் புள்ளிமானுக்கு. “அதுதான் எங்கும் இருக்கிறதே” என்பார்கள். எங்கும் இருப்பதால்தான் முதலில் அதைச் சொல்கிறேன். தெலங்கானாவின் மாநில விலங்கும் அதுதான். அம்ராபாத்தின் ஃபராஹாபாத் பகுதியில் காலைச் சவாரி போனால், மரத்தின் மேல் சாம்பல் மந்திகளும் அடியில் புள்ளிமான்களும் சேர்ந்து இருப்பதைப் பார்க்கலாம். மந்தி இலையையும் காயையும் பாதி தின்று பாதியைக் கீழே போடும். மான் அதைப் பொறுக்கித் தின்னும். மேலே இருப்பதற்குத் தூரத்துப் பார்வை, கீழே இருப்பதற்கு மோப்பமும் காதும். இரண்டில் ஒன்று அபாயத்தை உணர்ந்தாலும் இரண்டுக்கும் பாதுகாப்பு. இந்த ஒரு காட்சியை முழுதாகப் பார்த்தவர் காட்டின் பாதிக் கணக்கைப் படித்துவிட்டார் என்பேன்.

அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொல்லி, அரை மணி நேரம் இருங்கள். முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடவே வேண்டாம். மானின் காதுகளை மட்டும் பாருங்கள். மேயும்போது அவை தனித்தனியாகச் சுழலும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஏதோ ஒன்று உறுத்தினால் இரண்டும் ஒரே திசையில் நிற்கும். அடுத்து கழுத்து உயரும். பிறகு முன்னங்கால் ஒன்று தரையில் தட்டும். வால் நிமிர்ந்து அடிப்பக்க வெள்ளை தெரியும். அதற்கப்புறம்தான் குரல். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் கேமராவை எப்போது தூக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மான் கழுத்தை உயர்த்தும்போதே உங்கள் கை உயர்ந்திருக்கும்.

புள்ளிமானில் கேமராவுக்கும் நிறையப் பாடம் உண்டு. ஆண்மானின் கொம்பு வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் அதன் மேல் மெல்லிய ரோமத்தோல் போர்த்தியிருக்கும். காலைச் சூரியன் மானுக்குப் பின்னால் இருக்கும்படி வண்டியை நிறுத்தினால் அந்த ரோமத்தின் விளிம்பு முழுவதும் ஒளிக்கோடாகத் தெரியும். தானியங்கி அளவீட்டை நம்பினால் கேமரா பின்னணி வெளிச்சத்தைப் பார்த்து மானை இருட்டாக்கிவிடும். ஒன்று, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி முகத்தைக் காப்பாற்ற வேண்டும். இல்லையென்றால் துணிந்து குறைத்து, ஒளிக்கோட்டை மட்டும் வைத்து உருவத்தை வரைய வேண்டும். எது வேண்டும் என்று முடிவெடுக்க மான் அவகாசம் தருகிறது. எதிரொளியில் இப்படி முடிவெடுக்கப் பழகியவர், பின்னாளில் புலி எதிரொளியில் வந்து நின்றாலும் தடுமாற மாட்டார்.

பட்டியலில் இரண்டாவது, கண்ணுக்கான விலங்கு இல்லை, காதுக்கானது. கடமான். சிலர் மிளா என்பார்கள். பகலில் அடர்ந்த நிழலில் ஒதுங்கும் பெரிய மான் அது. முதல் பயணத்தில் அதன் நல்ல படம் கிடைக்காமல் போகலாம். ஆனால் அதன் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு அடையாளம் காண வேண்டும் என்பதை ஒரு குறிக்கோளாகவே எழுதிக்கொள்ளச் சொல்வேன். புள்ளிமான் சருகு சலசலத்தாலும் சில நேரம் கத்திவிடும். கடமான் அவ்வளவு எளிதில் கத்தாது. அது கனத்த ஒற்றைக் குரலில், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கத்தினால் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். நல்லமலையில் பிறந்து வளர்ந்த செஞ்சுப் பழங்குடி வழிகாட்டி ஒருவர் உடன் இருந்தால், வண்டியில் இருக்கும் எல்லோரையும்விட முன்பே அவர் தலை திரும்பியிருக்கும். அவர் திரும்பும் திசையை நான் இன்றும் பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன். புலியைத் தேடுகிற கலை என்று ஒன்று இருக்குமானால், அது மான்கள் சொல்வதைக் கேட்கும் கலைதான்.

மூன்றாவது பெயர் திறந்தவெளிக்கானது, வெளிமான். இதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. விஜயவாடா நெடுஞ்சாலையில் வனஸ்தலிபுரத்தை ஒட்டி மஹாவீர் ஹரிண வனஸ்தலி இருக்கிறது. ஒரு காலத்தில் நிஜாம்களின் சொந்த வேட்டை நிலம். 1975இல், மகாவீரர் நிர்வாணமடைந்த 2,500ஆம் ஆண்டையொட்டி, அவர் பெயரால் மான்களுக்கான இடமானது. வேட்டை நிலம் ஒன்று, கொல்லாமையைப் போதித்தவரின் பெயரைப் பெற்றதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. முதல் படத்தை அங்கே எடுங்கள் என்று பலருக்கும் சொல்கிறேன். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்குக் கோடியக்கரை. தூத்துக்குடி, நெல்லைக்காரர்களுக்கு வல்லநாடு. தமிழர்கள் பலருக்கு வெளிமான் பேருந்து தூரத்தில்தான் இருக்கிறது.

வெளிமானின் உடம்பே ஒளிப்படப் பயிற்சிக் கூடம். முற்றிய கலைமானின் முதுகு ஏறக்குறையக் கறுப்பு, வயிறு தூய வெள்ளை. இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. வெயில் வெள்ளையில் பட்டால் அங்கே ரோமத்தின் விவரமே போய், வெறும் வெண்மை மிஞ்சும். அளவீட்டில் முக்கால் படி குறைத்துவைத்து, வெள்ளையைக் காத்துக்கொண்டு, கறுப்பைப் பிறகு மேலே கொண்டுவருவது என் வழக்கம். அதைவிட நல்ல வழி, எட்டு மணிக்கு முன்னால் எடுத்து முடிப்பது. வெயில் ஏறியதும் தரையிலிருந்து அனல் கிளம்பும். தூரத்து மான் லென்ஸுக்குள் நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அந்த நெளிவைத் திருத்தாது. எந்த நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பதைப் புதியவருக்கு வெளிமான்தான் முதலில் கற்றுத்தரும்.

அதன் நடத்தையும் காத்திருப்பவருக்குப் பலன் தரும். கலைமான் தனக்கென்று ஒரு நிலத்தை வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு எல்லை காட்டும். அந்தக் குவியலைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் நடமாட்டத்தை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். பெண்மான் நெருங்கும்போது அது மூக்கை உயர்த்தி, முறுக்குக் கொம்புகளை முதுகோடு சாய்த்து, விறைப்பாக நடந்து வரும். திடுக்கிட்டால் கூட்டமே ஒன்றன்பின் ஒன்றாக உயரத் துள்ளும். அதை உறையவைக்க ஷட்டர் வேகம் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குக் குறையக் கூடாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும் இந்தக் கால்களை வளர்த்தெடுத்தது சிவிங்கிப்புலி. அதன் கடைசி மூன்றும் 1947இல் இன்றைய சத்தீஸ்கரின் கொரியா சமஸ்தானத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 1952இல் அந்த இனமே இந்தியாவில் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு வெளிமானின் ஓட்டத்தைப் பாருங்கள். எந்தத் துரத்தலுக்காக அந்த ஓட்டம் உருவானதோ அந்தத் துரத்தலே தக்காணத்தில் இன்று இல்லை என்பது நெஞ்சில் உறைக்கும்.

நான்காவதாக ஒரு பறவை கட்டாயம் இருக்க வேண்டும். ஹைதராபாத்திலிருந்து கிளம்புகிறவருக்கு நான் பனங்காடையைச் சொல்வேன். தெலுங்கில் பாலபிட்ட. தெலங்கானாவின் மாநிலப் பறவை. தசராவன்று இதைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்பது இங்கே ஊறிப்போன நம்பிக்கை. அதை வைத்துச் சிலர் பறவையைப் பிடித்து, இறக்கையைக் கட்டி, கூண்டில் வைத்துக் காசுக்குக் காட்டுகிறார்கள். கம்பியில் சுதந்திரமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடையைத் தேடிப்போய்ப் பார்க்கிறவர், அந்தக் கூண்டுக்கு ஒரு வாடிக்கையாளரைக் குறைக்கிறார். சேவெல்லாவிலிருந்து விகாராபாத் போகும் பக்கம், வயலும் புல்வெளியும் மாறி மாறி வரும் இடங்களில் குளிர்காலக் காலைகளில் இதைக் காணலாம். அதே புல்வெளிகளில் அப்போது வடக்கேயிருந்து வரும் பூனைப்பருந்துகளும் தாழப் பறக்கும்.

உட்கார்ந்திருக்கும்போது பனங்காடை மங்கலான பழுப்புப் பறவைதான். இறக்கை விரித்தால் இரண்டு நீலம். ஆகவே அது கிளம்பும் கணம்தான் படம். எப்படிக் கணிப்பது? அது பெரும்பாலும் காற்றை எதிர்த்துக் கிளம்பும். எனவே முதலில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பூச்சியைப் பிடித்ததும் பல சமயம் அதே கம்பத்துக்குத்தான் திரும்பி வரும். முதல் முறை விட்டுவிட்டால் கவலை வேண்டாம், இடத்தை விட்டு நகராதீர்கள். காரைக் கூடாரமாக வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, அரிசியோ பீன்ஸோ நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் போட்டு அதன் மேல் லென்ஸை வையுங்கள். கதவைத் திறந்து இறங்கினால் பறவை போய்விடும். 1931–32இல் சாலிம் அலி நிஜாமின் ஆட்சிப்பகுதி முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அந்த வகையில் அவர் செய்த முதல் பெரிய கள ஆய்வு அது. எது அரிது, எது எளிது என்று தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் பார்த்து எழுதிய அந்த உழைப்பின் மண்ணில் நாம் இருக்கிறோம் என்ற நினைவு எனக்கு ஊக்கம் தரும்.

பெரியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் ஐந்தாவதாக முதலையைச் சேர்ப்பேன். சங்காரெட்டி பக்கம் மஞ்சீரா காட்டுயிர்ச் சரணாலயத்தில் சதுப்பு முதலைகள் உண்டு. குளிர்காலக் காலையில் கரையிலோ பாறையிலோ வாயைத் திறந்துவைத்து வெயில் காயும். குழந்தைகள் அது கோபமாக இருக்கிறது என்று நினைப்பார்கள். உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் வழி அது என்று சொல்லிக்கொடுக்கலாம். அசையாத விலங்கைத் தொலைநோக்கியில் நிதானமாகப் பார்க்கும் குழந்தை, அசையும் விலங்கைத் தேடும் பொறுமையை அங்கேயே பெற்றுவிடும்.

இனி, எதை எழுதக் கூடாது என்பது. கரடியை முதல் பட்டியலில் சேர்க்க மாட்டேன். கோடைத் தொடக்கத்தில் இலுப்பைப் பூ உதிரும்போது நல்லமலைப் பக்கம் கரடி நடமாட்டம் கூடும். அதைப் பார்க்க வேண்டுமானால் மங்கிய வெளிச்சத்தில், அதன் தீனி இடத்துக்கு அருகே காத்திருக்க வேண்டும். கிட்டப்பார்வையும் திடீர்க் கோபமும் கொண்ட விலங்கு. புதியவருக்கும் ஆபத்து, அதற்கும் இடைஞ்சல். கூட்டில் இருக்கும் எந்தப் பறவையும் வேண்டாம். நாம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய் கூட்டைவிட்டு விலகியிருக்கிறது, வெயிலும் காகமும் அந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருக்கின்றன. குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு வரவழைக்க வேண்டிய பறவையும் வேண்டாம். இரவில் விளக்கடித்துத் தேட வேண்டிய ஆந்தையும் வேண்டாம். மூன்றாவது கேள்விக்கு இவை தேறவில்லை. பிற்காலத்தில் தேறும் வழி தெரிந்தால் அப்போது எழுதிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்துக்கே போக வேண்டாமா என்பார்கள். ஹைதராபாத்காரர்களுக்குச் சந்திரபூர் மாவட்டத்துத் தடோபா ஒரு நாள் கார்ப் பயணம். தெலங்கானாவின் கவ்வால் புலிக் காப்பகத்துக்கு வந்து சேரும் புலிகளுக்கும் அந்தப் பக்கத்துக் காடுகளே தாய்வீடு. தாராளமாகப் போகலாம். ஆனால் ஊர்ப்பக்கத்தில் மானையும் பனங்காடையையும் பார்த்த பிறகு போங்கள். அங்கே போகும்போதும் பட்டியலோடு போங்கள். செந்நாய், காட்டெருமை, கடமான், நீர்க்கரையின் பறவைகள். ஒரு ஜிப்ஸியில் ஆறு பேர் உட்காரலாம். அந்த ஆறு பேரும் முந்தின இரவே பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் புலி, ஒருவர் பறவை, ஒருவர் தூக்கம் என்று வண்டி ஏறினால் ஓட்டுநர் பாவம், எல்லோரையும் திருப்திப்படுத்தக் காடு முழுக்க விரட்டிக்கொண்டிருப்பார். காலையில் வண்டி ஏறியதும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “அண்ணா, எங்களுக்குப் புலி அவசரமில்லை. தண்ணீர் இருக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்.” புலி காட்டியே ஆக வேண்டும் என்ற சுமை இறங்கியதும், அந்த மனிதருக்குள் இருக்கும் காட்டறிவு பேசத் தொடங்கும். எந்த மரத்தில் கழுகின் கூடு, எந்த ஓடையில் தண்ணீர் கடைசிவரை நிற்கும், எந்த மந்திக் கூட்டம் வீணாகக் கத்தாது என்று அவர் சொல்லத் தொடங்குவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

தமிழில் இதற்கு நமக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன். யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் புகழ்பெற்றவை. ஆனால் 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் அவர் எழுதிவந்த பத்தியில் காகமும் மைனாவும் அணிலும் யானைக்குச் சமமாக இடம்பெற்றன. வீட்டு மதிலில் ஓடும் அணிலைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்ததால்தான் யானையையும் அவரால் அப்படிப் பார்க்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். அவரைப் படித்த பிறகு, ‘சாதாரண’ விலங்கு என்று எதையும் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

முதல் பயணத்துக்குத் தயாராகும் நண்பருக்கு என் வேண்டுகோள் இது. ஒரு தாளை எடுங்கள். மேலே மாதத்தையும் போகும் இடத்தையும் எழுதுங்கள். கீழே நான்கைந்து பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது செய்வதாக நீங்கள் பார்க்க விரும்பும் ஒரே ஒரு காரியம். மான் காதைத் திருப்புவது, கடமானின் குரல், பனங்காடை கம்பத்துக்குத் திரும்புவது. திரும்பி வந்ததும் படங்களை எண்ணுவதற்கு முன்னால் அந்தத் தாளை எடுத்து, எதை உண்மையிலேயே பார்த்தீர்கள் என்று குறியுங்கள். அடுத்த பயணத்தின் பட்டியல் தானாகவே அதிலிருந்து பிறக்கும். அது முதலாவதைவிடக் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும். புலிக்கு அதில் தனி வரி வேண்டாம். மான்களின் பேச்சு புரியத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அது பாதைக்கு வரும். அன்று அது எங்கிருந்து வந்தது, எதை நோக்கிப் போகிறது என்பதும் சேர்ந்தே உங்களுக்குத் தெரியும்.